பேரலில் இருக்கும் பெயரை நம்பலாமா? வைல்ட்கேட் தோட்டா: ஓர் அறிமுகம்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிக் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வகை ரைஃபிள் உண்டு. உடல் மவுசர் 98 என்ற பழைய ஜெர்மானிய ராணுவ ரைஃபிளுடையது. அதில் 1950களில் யாரோ ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி செய்து பழுது பார்ப்பவர்) மாட்டிய புதுப் பேரல் (குண்டு பாயும் குழாய்), நல்ல வால்நட் கட்டை. விலையும் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. பேரலைத் திருப்பிப் பார்த்தால் ".257" என்று மட்டும் பொறித்திருக்கும். எந்த .257 என்று கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். பேரலை மாட்டியவரைக் கேட்கவும் வழியில்லை, அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருக்கும். விலை குறைந்ததற்குக் காரணமே அந்த அரைகுறைப் பெயர்தான்.

இப்படிப்பட்ட துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், கடையில் விற்காத அந்தத் தோட்டாவை எப்படிக் கையால் செய்துகொள்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவருக்கும் புரியும்படி அடிப்படையிலிருந்து போகலாம். வெடிமருந்து அளவுகள் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்கான காரணம் போகப்போகத் தெரியும்.

ஒரு ரைஃபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. பெரும்பாலான ரைஃபிள் கூடுகள் புட்டி வடிவத்தில் இருக்கும்: அகலமான உடல், சரிந்து குறுகும் தோள், குண்டைப் பிடித்திருக்கும் கழுத்து. பேரலின் பின்முனையில் இந்தக் கூடு அப்படியே உட்காரும் குழிக்குச் சேம்பர் என்று பெயர். ரீமர் என்ற வெட்டுக்கருவியால் அதைக் குடைகிறார்கள். சுடும்போது பித்தளை ஒரு கணம் விரிந்து சேம்பர் சுவரில் ஒட்டி வாயுவை அடைக்கிறது, பிறகு கொஞ்சம் சுருங்கி வெளியே வருகிறது. ஆகவே சுட்ட கூடு என்பது சேம்பரின் அச்சு மாதிரி. இது பின்னால் உதவும்.

கடையில் கிடைக்கும் தோட்டாக்களுக்கு ஒரு பொது வரைபடம் உண்டு. அமெரிக்காவில் 1926இல் தொடங்கிய எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற தயாரிப்பாளர் அமைப்பும், ஐரோப்பாவில் சி.ஐ.பி. என்ற அமைப்பும் அவற்றை வெளியிடுகின்றன. கூட்டின் ஒவ்வொரு அளவும், சேம்பரின் ஒவ்வொரு அளவும், உள்ளே எழலாம் என்று அனுமதித்த உச்ச அழுத்தமும் அதில் இருக்கும். உதாரணமாக .30-06க்கு உச்சம் 60,000 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), .308 வின்செஸ்டருக்கு 62,000. தோட்டா செய்பவரும் துப்பாக்கி செய்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே வேண்டாம், இருவரும் ஒரே படத்தைப் பார்த்தால் போதும்.

வைல்ட்கேட், அதாவது காட்டுப்பூனை என்று பெயர் வைத்த தோட்டாவுக்கு அப்படி ஒரு படம் கிடையாது. யாரோ ஒருவர் இருக்கிற ஒரு கூட்டை எடுத்து, கழுத்தைக் குறுக்கியோ அகட்டியோ, தோளை நகர்த்தியோ, நீளத்தை வெட்டியோ தனக்கு வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவந்திருப்பார். அதற்கேற்ப ஒரு ரீமர் செய்து, அதைக் கொண்டு ஒரு சேம்பர் குடைந்திருப்பார். ரெடிமேட் சட்டைக்கும் டெய்லர் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான்: பெயர் ஒன்றாக இருந்தாலும், இரண்டு பேர் குடைந்த சேம்பர்கள் நூலளவாவது மாறும். துப்பாக்கியில் அந்த நூலளவு போதும், ஆளைக் கொல்ல.

ஏன் இந்த வேலை என்று கேட்கலாம். வேகமாகப் போகும் சின்ன குண்டு வேண்டும், அல்லது கனமான குண்டு வேண்டும், அதைக் கம்பெனிகள் விற்கவில்லை. அவ்வளவுதான் ஆரம்பம். 1906இல் வந்த அமெரிக்க ராணுவத்தின் .30-06 கூடு எல்லா இடத்திலும் மலிவாகக் கிடைத்தது. அதன் கழுத்தை .25 அங்குல அளவுக்குக் குறுக்கி ஏ.ஓ. நீட்னர் 1920 வாக்கில் ஒன்றைச் செய்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது வைல்ட்கேட்டாகவே இருந்து, 1969இல் ரெமிங்டன் எடுத்து .25-06 ரெமிங்டன் என்று விற்றது. .22-250இன் கதை இன்னும் வேடிக்கை. 1915இல் வந்த .250 சாவேஜ் கூட்டை .22க்குக் குறுக்கிப் பல பேர் பல வடிவத்தில் செய்துகொண்டிருந்தார்கள். பிரவுனிங் கம்பெனி 1963இல் அதற்கான ரைஃபிளை விற்கத் தொடங்கியபோது கடையில் அந்தத் தோட்டா கிடையாது! ரெமிங்டன் தோட்டா 1965இல்தான் வந்தது. இப்போது நாம் சாதாரணமாக நினைக்கும் பல தோட்டாக்கள் இப்படிக் காட்டிலிருந்து வீட்டுக்கு வந்தவை.

இந்த உலகத்தில் அடிக்கடி காதில் விழும் பெயர் பி.ஓ. ஆக்லி (1903–1989). கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் கன்ஸ்மித் வேலை கற்றுக்கொடுத்தவர். கூட்டின் உடல் மேலே போகப்போக ஒடுங்குவதைக் குறைத்து, தோளை 40 டிகிரிக்குச் செங்குத்தாக்கினால் அதே நீளக் கூட்டில் கொஞ்சம் கூடுதல் மருந்து பிடிக்கும். இந்த மாற்றத்தோடு வரும் தோட்டாக்களுக்கு "ஆக்லி இம்ப்ரூவ்ட்" என்று பின்னொட்டு. அவற்றில் .280 ஆக்லி இம்ப்ரூவ்ட் 2007இல் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. அங்கீகாரம் பெற்றது. மற்ற பல இன்றும் வைல்ட்கேட்தான்.

பெயர் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

தோட்டாப் பெயர்களில் ஒரு ஒழுங்கும் இல்லை. .30-06இல் 06 என்பது ஆண்டு. பழைய .45-70இல் 70 என்பது கருமருந்தின் எடை. .250-3000இல் 3000 என்பது வினாடிக்கு அடிக்கணக்கில் வேகம், விளம்பரத்துக்காக வைத்தது. .22-250இல் 250 என்பது தாய்க்கூட்டின் பெயர். .270 வின்செஸ்டருக்கு .270 அங்குலக் குண்டு போகாது, .277தான் போகும். .303 பிரிட்டிஷுக்கு .311. ஆக, பெயரிலிருந்து அளவைக் கணக்குப் போடுவது வேலைக்காகாது.

கூட்டின் அடியில் பொறித்திருக்கும் எழுத்தை, அதாவது ஹெட்ஸ்டாம்பை, நம்பலாமா? கடைத் தோட்டாவில் நம்பலாம். வைல்ட்கேட்டில் அதுதான் முதல் கண்ணி. அடியில் ".30-06" என்று இருக்கும், ஆனால் யாரோ அதன் கழுத்தை எப்போதோ மாற்றியிருப்பார்கள். பித்தளை பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இதன் ஆபத்துக்கு இன்று எல்லோரும் காட்டும் உதாரணம் .300 பிளாக்அவுட். ஜே.டி. ஜோன்ஸ் செய்த .300 விஸ்பர் என்ற வைல்ட்கேட்டின் வழியில் வந்து, 2011இல் அங்கீகாரம் பெற்ற தோட்டா இது. .223 கூட்டையே வெட்டிக் குட்டையாக்கி, வாயில் 7.8 மிமீ குண்டு வைக்கிறார்கள். .223 ரைஃபிளின் அதே மேகசின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் உறை), அதே போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) இதற்கும் பொருந்தும். கை தவறி .223 சேம்பருக்குள் இது போய்விட்டால், சில குண்டுகள் கூட்டுக்குள் பின்னால் தள்ளப்பட்டு போல்ட் மூடியே விடும். அப்புறம் 7.8 மிமீ குண்டு 5.7 மிமீ குழாய்க்குள் புக முயல்கிறது. துப்பாக்கி பிளந்துவிடும். வீட்டில் வெட்டிச் செய்த கூட்டில் ஹெட்ஸ்டாம்ப் ".223" என்றே இருப்பதால் பெட்டியில் கலந்துவிட்டால் பிரித்தறியக் கண் ஒன்றுதான் துணை.

எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வந்த ஜப்பானிய 6.5 மிமீ அரிசாகா ரைஃபிள் ஒன்றின் சேம்பரை மட்டும் ஒருவர் .30-06க்குக் குடைந்துவிட்டார். பேரலின் துளையை மாற்றவில்லை. .308 அங்குலக் குண்டு .264 துளை வழியாகப் பிழிந்துகொண்டு போனது. அவர் அதைக் கொண்டு மான் கூடச் சுட்டார். அவருடைய ஒரே புகார், உதை கொஞ்சம் பலமாக இருக்கிறது என்பதுதான்! அரிசாகாவின் எஃகு அசாதாரண பலம், அதனால் அவர் பிழைத்தார். இந்தக் கதையை "ஒன்றும் ஆகாது" என்பதற்கு ஆதாரமாகச் சொல்பவர்களிடம் கொஞ்சம் எட்டியே நிற்பது நல்லது.

அளந்து கண்டுபிடிப்பது

சரி, நம் ".257"க்கு வருவோம். அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கக்கூடியவர்களை முதலில் பார்ப்போம். .257 ராபர்ட்ஸ், 1934இல் ரெமிங்டன் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் நெட் ராபர்ட்ஸ் 7x57 மவுசர் கூட்டின் கழுத்தைக் குறுக்கிச் செய்த வைல்ட்கேட். அதன் ஆக்லி இம்ப்ரூவ்ட் வடிவம். .25-06. .257 வெதர்பி மேக்னம். .308 கூட்டைக் குறுக்கிச் செய்த .25 சூப்பர். .250 சாவேஜும் அதன் இம்ப்ரூவ்ட் வடிவமும். எல்லாவற்றுக்கும் குண்டு ஒன்றே, .257 அங்குலம், அதாவது 6.53 மிமீ. கூடுதான் வேறு.

முதல் வேலை, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வது. பிறகு போல்ட்டைக் கழற்றி அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். கூட்டின் அடிவட்டம் உட்காரும் பள்ளம் அங்கே இருக்கும். 12 மிமீ அளவு என்றால் மவுசர், .30-06, .308 குடும்பம். 13.5 மிமீ என்றால் அடியில் பெல்ட், அதாவது தடித்த வளையம், வைத்த மேக்னம் குடும்பம். 9.6 மிமீ என்றால் .223 குடும்பம். நம் மவுசரில் 12 என்று வந்தால் வெதர்பி மேக்னம் போட்டியிலிருந்து விலகிவிட்டது. ஒரே ஒரு அளவில் ஒரு பெரிய கேள்வி தீர்ந்தது.

அடுத்தது துளை. எண்ணெய் பூசிய மென்மையான ஈயத்துண்டு ஒன்றைப் பேரல் முழுக்கத் தள்ளி எடுத்தால், குண்டைச் சுழல வைக்க உள்ளே முறுக்காக வெட்டிய பள்ளங்களின் அச்சு அதில் விழும். அதன் அகன்ற விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். 6.53 என்றால் .25 குடும்பம். 6.71 வந்தால் "6.5" என்று அழைக்கப்படும் குடும்பம், பெயர் அப்படி இருந்தாலும். 7.04 என்றால் .270, 7.21 என்றால் 7 மிமீ குடும்பம். ஒரு சின்னத் தொந்தரவு: பள்ளங்கள் நான்கோ ஆறோ இருந்தால் எதிரெதிரே வரும், அளப்பது சுலபம். மூன்றோ ஐந்தோ என்றால் எதிரில் பள்ளம் இருக்காது, மேடுதான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டர் தப்பாகச் சொல்லும், வி வடிவப் பிடி வேண்டும்.

முக்கியமான வேலை சேம்பருக்கு அச்சு எடுப்பது. இதற்கென்றே செரோசேஃப் என்ற உலோகக் கலவை கிடைக்கிறது. பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் கலந்தது. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், அதாவது கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்த பாத்திரமே போதும். சேம்பரைச் சுத்தம் செய்து, லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்து, சேம்பர் முடிந்து பள்ளங்கள் தொடங்கும் இடத்தைச் சற்றுத் தாண்டித் துணியால் அடைத்து, பின்பக்கமாக ஊற்ற வேண்டும். இறுகியதும் முன்பக்கத்திலிருந்து கம்பியால் மெல்லத் தள்ளி எடுத்துவிடலாம்.

இந்தக் கலவைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. முதல் அரைமணி நேரம் சுருங்கும், அதனால்தான் சிக்காமல் வெளியே வருகிறது. பிறகு மெல்ல விரியும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சேம்பரின் உண்மையான அளவுக்கு வந்து சேரும், அதற்குப் பிறகும் நாட்கணக்கில் துளித்துளியாக விரிந்துகொண்டே இருக்கும். ஆகவே அளக்க வேண்டிய நேரம் அந்த ஒரு மணி நேரம்தான், மறுநாள் காலை அல்ல. காட்மியம் நச்சு என்பதால் அளவுக்கு மேல் சூடாக்கக் கூடாது, சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தவும் கூடாது. அந்தக் காலத்தில் கந்தகத்தை உருக்கி ஊற்றினார்கள். அந்த நாற்றத்தை நினைத்தால் செரோசேஃபின் விலை பரவாயில்லை என்று தோன்றும்.

அச்சைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் மீதிப் புதிர் அவிழ்ந்துவிடும். கூட்டின் நீளங்கள் தெரியும்: .250 சாவேஜ் 48.6 மிமீ, .308 வழி வந்தவை 51.2, .257 ராபர்ட்ஸ் 56.7, .25-06 63.3. சேம்பர் எப்போதும் கூட்டை விடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். அச்சில் கழுத்து 57 மிமீயைச் சற்றுத் தாண்டி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ராபர்ட்ஸ் குடும்பம். இனி தோள். சாதாரண ராபர்ட்ஸின் தோள் 21 டிகிரியை ஒட்டிச் சரிவாக இருக்கும், ஆக்லி வடிவம் 40 டிகிரி. இதற்குக் கோணமானி கூடத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். தோள் தொடங்கும் இடத்தில் உடலின் விட்டம் ராபர்ட்ஸில் 11 மிமீக்குக் கொஞ்சம் கீழே, ஆக்லியில் பதினொன்றரையை ஒட்டி. இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுந்தால்? அதுவும் நடக்கும். ஆக்லிக்கு முன்னும் பின்னும் "இம்ப்ரூவ்ட்" செய்தவர்கள் பல பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு கோணம் பிடித்திருந்தது. அப்போது உங்கள் கையில் இருப்பது பெயரில்லாத தோட்டா. அந்த அச்சுதான் அதற்கு வரைபடம்.

அச்சில் எல்லோரும் கவனிக்காமல் விடும் அளவு ஒன்று உண்டு: கழுத்தின் விட்டம். குண்டு செருகிய தோட்டாவின் கழுத்து, சேம்பர் கழுத்தை விடச் சிறியதாக இருந்தாக வேண்டும். அந்த இடைவெளியில்தான் கழுத்து விரிந்து குண்டை விடும். பழைய கன்ஸ்மித்களில் சிலர், துல்லியத்துக்காக இந்த இடைவெளியை மிகவும் இறுக்கமாக வைப்பார்கள். தோட்டாவின் கழுத்துச் சுவரைக் கடைந்து மெலிதாக்கினால்தான் உள்ளே போகும். தெரியாமல் தடித்த கழுத்தோடு அடித்துத் திணித்தால் குண்டு விடுபட முடியாமல் அழுத்தம் எகிறும். மருந்து சரியாகவே இருந்தாலும்.

பேரலின் முறுக்கையும் பார்த்துக்கொள்ளலாம். இறுக்கமான துணி சுற்றிய கம்பியை உள்ளே தள்ளும்போது அது தானாகச் சுழலும், ஒரு முழுச்சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்தால் போதும். ராபர்ட்ஸிலும் .25-06இலும் பெரும்பாலும் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய .22-250களில் 14 அங்குலம். முறுக்கு மெதுவாக இருந்தால் நீண்ட கனமான குண்டு நேராகப் பறக்காது, இலக்குத் தாளில் பக்கவாட்டாக விழுந்த ஓட்டை தெரியும்.

கூடு செய்வது

ஆக்லி இம்ப்ரூவ்ட் என்று தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கடையில் வாங்கிய சாதாரண .257 ராபர்ட்ஸ் தோட்டாவையே அந்தச் சேம்பரில் சுடலாம், கூடு விரிந்து புது வடிவம் எடுத்துக்கொள்ளும். இதற்கு ஃபயர் ஃபார்மிங் என்று பெயர். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைப் புரிந்துகொள்ள ஹெட்ஸ்பேஸ் தெரிய வேண்டும். போல்ட்டின் முகத்துக்கும் கூட்டைத் தடுத்து நிறுத்தும் தோளுக்கும் இடையிலான தூரம்தான் அது. தூரம் அதிகமானால் கூடு முன்னால் நழுவி நிற்கும், சுடும்போது சுவர் சேம்பரில் ஒட்டிக்கொள்ள அடிப்பாகம் மட்டும் பின்னால் போகும், நடுவில் பித்தளை இழுபட்டு அறுந்துவிடும். முகத்துக்கு ஒரு சாண் முன்னால் பல ஆயிரம் பி.எஸ்.ஐ. வாயு வெளியேறுவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

ஆக்லி இதற்கு ஒரு நல்ல வழி வைத்தார். தன் சேம்பரில் கழுத்தும் தோளும் சேரும் இடத்தை, தாய்த் தோட்டாவின் அளவை விட அங்குலத்தில் ஆயிரத்தில் 4 பங்கு பின்னால் வைத்தார், அதாவது 0.1 மிமீ. சாதாரணத் தோட்டாவைப் போட்டு போல்ட்டை மூடும்போது லேசாக நெருக்கும். அந்த நெருக்கம்தான் கூட்டை இருக்கிற இடத்தில் பிடித்து வைக்கிறது. நெருக்கம் தெரியவில்லை, போல்ட் சும்மா விழுகிறது என்றால், அந்தச் சேம்பரைக் குடைந்தவர் ஆக்லி சொன்னபடி குடையவில்லை என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு கன்ஸ்மித்திடம் கேஜ் என்ற அளவுக்கருவி வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய இம்ப்ரூவ்ட் ரைஃபிள்களில் இந்தக் குறை நிறைய உண்டு.

தோளையே முன்னால் தள்ளிய வைல்ட்கேட்டுகளில் கூட்டைப் பிடிக்க இடமே இருக்காது. அப்போது கழுத்தை முதலில் பெரிதாக அகட்டி, பிறகு டையில் (கூட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் எஃகு அச்சில்) பாதி மட்டும் குறுக்கினால், நடுவில் ஒரு சின்னப் படி நிற்கும். அதைப் பொய்த்தோள் என்று சொல்லலாம். அது சேம்பரில் முட்டும்படி, போல்ட் கொஞ்சம் அழுத்தி மூடும்படி சிறிதுசிறிதாகக் கொண்டுவர வேண்டும். இன்னொரு பழைய முறை நம் ஊர்க்காரர்களைச் சிரிக்க வைக்கும்: குண்டே இல்லாமல், வேகமாக எரியும் கொஞ்சம் மருந்துக்கு மேல் கோதுமை ரவையை நிரப்பி, மெழுகால் வாயை அடைத்துச் சுடுவது. ரவையின் எதிர்ப்பே கூட்டை ஊதி விரிக்கப் போதும். குண்டு இல்லை என்பதற்காக இது விளையாட்டு அல்ல, துப்பாக்கிக் களத்தில் பாதுகாப்பான திசையில்தான் செய்ய வேண்டும்.

கழுத்தைக் குறுக்கும் வேலையில் வேறு பிரச்சினை. .30-06ஐ .25க்கு ஒரே தள்ளில் கொண்டுபோக முயன்றால் தோள் மடிந்து சுருங்கும். .270, பிறகு .25 என்று படிப்படியாகப் போக வேண்டும். பித்தளை அடிபட அடிபட இறுகும், கழுத்தை அளவாகச் சூடுகாட்டி இளக்க வேண்டும். இதற்கு அனீலிங் என்பார்கள். அடிப்பாகம் மட்டும் சூடாகவே கூடாது, அங்கே இளகினால் கூடு தாங்காது. டைக்குள் போகும்முன் எண்ணெய் போட மறந்தால் கூடு சிக்கிக்கொள்ளும், அதிகம் போட்டால் தோளில் பள்ளம் விழும். குறுக்கும்போது சுவர் தடிக்கும் என்பதால் மேலே சொன்ன கழுத்து இடைவெளியை ஒவ்வொரு முறையும் திரும்ப அளக்க வேண்டும். நீளம் கூடினால் வெட்டி ஒழுங்குபடுத்த வேண்டும்.

டை எங்கே வாங்குவது? ஆக்லி வடிவங்கள் பலவற்றுக்கு டை கம்பெனிகளே விற்கின்றன. பெயரில்லாத தோட்டா என்றால், உங்கள் சேம்பரில் சுட்ட சில கூடுகளை டை செய்பவருக்கு அனுப்பினால் அந்த அளவுக்குக் குடைந்து தருவார். விலை கூட, காத்திருப்பும் கூட.

சுட்டு எடுத்த ஒவ்வொரு கூட்டிலும் அடிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். வளைத்த கம்பியின் முனையை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறதா? தட்டினால் அந்தக் கூடு அறுபடத் தயாராகிவிட்டது. நசுக்கிக் குப்பையில் போடுங்கள்.

மருந்து

இங்கேதான் பல பேர் அவசரப்படுவார்கள். "இந்த வைல்ட்கேட்டுக்கு என்ன மருந்து, எவ்வளவு?" என்று கேட்பார்கள், யாரோ ஒருவர் தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு எண்ணைக் கொடுப்பார். அந்த எண் அவர் சேம்பருக்கு, அவர் கூட்டுச் சுவரின் தடிமனுக்கு, அவர் வாங்கிய டப்பா மருந்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். உங்கள் சேம்பர் வேறு. பழைய கையேடுகளில் வைல்ட்கேட்டுகளுக்கு அச்சாகியிருக்கும் பல அளவுகள் அழுத்தக் கருவியில் சோதிக்காதவை, ஆளுக்கு ஆள் சொன்னதைத் தொகுத்தவை. சில இன்றைய கணக்கில் மிகச் சூடானவை. அதனால்தான் இங்கேயும் எந்த எண்ணும் இல்லை.

வேலை செய்யும் வழி இது. உங்கள் சேம்பரில் சுட்ட கூட்டின் பிரைமர் துளையை அடைத்து, வாய்வரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். அதுதான் கொள்ளளவு, கிரெயின் என்ற சிறிய எடையில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். .308 கூட்டில் ஏறத்தாழ 56 கிரெயின் தண்ணீர் பிடிக்கும், .30-06இல் 68ஐ ஒட்டி. இப்போது அதே குண்டு விட்டமும், உங்கள் கூட்டுக்குச் சமமான அல்லது சற்றுக் குறைந்த கொள்ளளவும் உள்ள அங்கீகாரம் பெற்ற தோட்டாவைத் தேடுங்கள். .257 ராபர்ட்ஸ் ஆக்லிக்கு அது சாதாரண ராபர்ட்ஸ். மருந்துக் கம்பெனி அதற்கு வெளியிட்டிருக்கும் இன்றைய தொடக்க அளவு எதுவோ, அங்கிருந்து தொடங்கி, சிறு சிறு படியாக மேலே போக வேண்டும். தொடக்க அளவுக்கும் கீழே, மெதுவாக எரியும் மருந்தை அரைகுறையாகப் போடுவது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், அதனால் துப்பாக்கிகள் வெடித்திருக்கின்றன.

எப்போது நிறுத்துவது? தட்டையாகும் பிரைமர், தூக்கக் கடினமாகும் போல்ட், கூட்டின் அடியில் விழும் பளபளப்பான தடம் என்று அடையாளங்கள் சொல்வார்கள். அவை எல்லாம் தாமதமாக வரும் அடையாளங்கள். வரும்போது நீங்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். வேகம் அளக்கும் குரோனோகிராஃப்தான் நல்ல துணை. அதே அழுத்தத்தில், கொள்ளளவு 10 சதவீதம் கூடினால் வேகம் இரண்டரை சதவீதம் அளவுக்குத்தான் கூடும் என்பது பழைய கணக்கு. ஆக்லி வடிவத்தில் நீங்கள் அதைவிட மிக அதிக வேகத்தைக் கண்டால், கூட்டின் வடிவம் அதிசயம் செய்யவில்லை, அழுத்தம் ஏறியிருக்கிறது. இம்ப்ரூவ்ட் தோட்டாக்களின் புகழில் பாதி இப்படி அதிக அழுத்தத்தால் வந்தது என்பது என் கருத்து. ஒடுங்காத உடலும் செங்குத்துத் தோளும் பித்தளை முன்னால் ஓடி நீளுவதைக் குறைக்கின்றன, கூட்டை அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை. அந்த லாபம் உண்மை. வேக லாபம் சொற்பம்.

சட்டம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்புவது சாதாரணப் பொழுதுபோக்கு. ஜெர்மனியில் அதற்குத் தனிப் பயிற்சியும் வெடிமருந்துச் சட்டத்தின் கீழ் உரிமமும் வேண்டும், துப்பாக்கியும் அரசுச் சோதனை நிலையத்தில் முத்திரை பெற வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ செய்வதும் மாற்றுவதும் குற்றம். தோட்டா அளவுகளின் வரலாற்றில் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு என்பதும் சுவாரசியம்: 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் விடக் கூடாது என்று தடுத்ததால்தான் .470, .465 போன்ற பெரிய வேட்டைத் தோட்டாக்கள் பிறந்தன.

மறுபடி மவுசருக்கு வருவோம். அளந்து, கூடு செய்து, மருந்து அளவும் கண்டுபிடித்தாயிற்று என்றால், பேரலில் அந்த அரைகுறை ".257"ஐ ஒட்டி முழுப் பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள். தோட்டாப் பெட்டியில் சிவப்பு மையில் எழுதுங்கள். செரோசேஃப் அச்சையும், மருந்தும் பிரைமரும் இல்லாத ஒரு மாதிரித் தோட்டாவையும் துப்பாக்கிப் பெட்டியிலேயே வைத்துவிடலாம். அடுத்து வாங்குபவர் இத்தனை வேலையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்காது.

அச்சு எதோடும் பொருந்தவில்லை, ஹெட்ஸ்பேஸும் சரியில்லை என்றால் அடம் பிடிக்க வேண்டாம். முதன்முறை தோட்டா நிரப்பப் பழகுபவருக்கு அப்படிப்பட்ட துப்பாக்கி ஏற்றதே அல்ல. பேரலைக் கழற்றிவிட்டு அதே 12 மிமீ போல்ட்டுக்குப் பொருந்தும் .308 அல்லது 7x57 பேரல் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். மவுசர் உடல் அதற்கும் நன்றாகவே உழைக்கும், தோட்டாவும் கடையிலேயே கிடைக்கும்.